முருகை வெளிறுகின்றது, சோழநாடு உறங்குகின்றது

சோழநாட்டு உழவர்க்குக் கடல் என்பது ஆறு சென்று முடியும் இடம். மேட்டூர் திறந்தால் கல்லணை நிறையும். கல்லணை திறந்தால் கடைமடை நனையும். கடைமடைக்கு அப்பால் உள்ளது உப்புநீர், அஃது உழவர்க்கு ஆகாதது என்னும் அளவிலேயே அவர்தம் எண்ணம் நின்றுவிடுகின்றது. ஆயின், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டங்களின் வரப்புகள் முடியும் இடத்தில் தொடங்கும் கடல், வங்கக் கடலின் திறந்த கரை அன்று. கோடியக்கரை தொடங்கி இராமேச்சுரத் தீவு வரை தமிழகமும், எதிரே ஈழத்தின் வடபுலமும் இரு கைபோல் வளைத்துக் காத்து நிற்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு அது. பெரும்பகுதியில் அதன் ஆழம் ஏழு பாகத்தைத் தாண்டுவதில்லை. அதன் தென்வாயிலில்தான், மண்டபத்தையொட்டியும் இராமேச்சுரத் தீவின் வடகரையிலும், பவழப்பார்கள் உள்ளன. அவை இன்று வெந்து வெளிறிக்கொண்டிருக்கின்றன. வெந்து என்பது அணிக்காகச் சொல்லும் சொல் அன்று.

இந்நீர்ப்பரப்பின் பெயரிலேயே அடிமைத்தனத்தின் வடு உள்ளது. பள்ளிப் பொத்தகமும் அரசு வரைபடமும் இதனைப் பாக்கு விரிகுடா என்கின்றன. அப்பெயரைக் கேட்கும் மாணவன் வெற்றிலையோடு மெல்லும் பாக்கு என்றே கொள்வான், அவன்மேல் குற்றமில்லை. உண்மையில் அது, 1763 முதல் 1767 வரை ஆங்கில வணிகக் கூட்டத்தாரின் சென்னை ஆளுநனாய் இருந்த இராபர்ட்டு பாக்கு என்பவனின் பெயர். நான்காண்டு ஆண்ட அயலான் ஒருவன் பெயரால் தமிழர் கடல் இரு நூற்றாண்டுக்கு மேலாக அழைக்கப்பெறுகின்றது. பாம்பனிலும் இராமேச்சுரத்திலும் உள்ள பரதவர்க்கோ அது வடகடல். தெற்கே உள்ள மன்னார் வளைகுடா அவர்க்குத் தென்கடல். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று கற்றவர் ஒதுக்கும் அம்மக்கள் வாயில்தான் கடலுக்கு அதன் பெயர் எஞ்சியிருக்கின்றது. இக்கட்டுரையிலும் அதுவே பெயர்.

பவழத்துக்கும் சோழநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார்க்கு முதல் விடையைக் காவிரிப்பூம்பட்டினமே தரும். அந்நகரின் தெருக்களில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், முத்தை அடுத்துத் துகிரையும் வைக்கின்றார். அது வந்த திசையையும் குறிக்கின்றார். துகிர் என்பது செம்பவழம். ஆயிரம் ஆண்டுக்குப் பின் தஞ்சைப் பெரியகோவில் எழுந்தபோது, முதலாம் இராசராசன் கொடுத்த அணிகலன்களில் கோத்த முத்தையும் பவழத்தையும் எண்ணி, நிறுத்து, கல்லில் வெட்டி வைத்தனர். எண்ணியதைத் தமிழில் வெட்டினர் என்பதும், யாவரும் காணும் சுவரில் வெட்டினர் என்பதும் கருதத்தக்கன. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அச்செய்தி மீண்டும் வேண்டப்பெறும்.

அணிகலனில் கோக்கும் துகிர் வேறு, கடலில் பார் கட்டும் முருகை வேறு என்பதை இங்கேயே தெளிவுறுத்தல் நன்று. இரண்டும் ஒரு குடியின் இரு கிளைகள். துகிர் ஒளி குறைந்த ஆழத்தில் வளர்வது. முருகை கதிரவன் ஒளி புகும் தெளிந்த, ஆழமற்ற நீரில் வளர்வது. முருகைக்கல் என்னும் சொல் தமிழகத்தில் அகரமுதலிக்குள் ஒடுங்கிப்போயிற்று. ஈழத்தில் இன்றும் உலவுகின்றது. நெடுந்தீவில் வீட்டு வேலிகளையே முருகைக் கல்லால் அடுக்கியுள்ளனர். தெளிந்த நீரை வேண்டுவதால்தான் காவிரி வண்டல் கலங்கும் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினக் கரைகளில் முருகை இல்லை. அங்குக் கடற்புல்லும், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடும் உள்ளன. வண்டல் தெளியும் தென்கோடியில் பார் தொடங்குகின்றது.

முருகை கல்லும் அன்று, செடியும் அன்று. நெல்மணியினும் சிறியனவாய்க் கூட்டங் கூட்டமாய் வாழும் உயிரி. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தன் அடியில் சிறு கிண்ணம்போல் கட்டிக்கொள்கின்றது. அது மாய்ந்தபின் அதன்மேல் அதன் வழியினது கட்டுகின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு கட்டிய கட்டடமே பார்.

அதன் வாழ்க்கையைச் சோழநாட்டு உழவரினும் எளிதாக விளங்கிக்கொள்வார் இலர். சம்பா அறுவடைக்கு முன் ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பவர் அவர். உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அம்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்த்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்கு இடமும் உணவும் கொடுக்கின்றது. முருகையும் அவ்வாறே தன் உடலுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்துள்ளது. அப்பாசிகள் கதிரவன் ஒளியில் உணவு ஆக்கி, முருகைக்கு வேண்டுவதில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஊட்டுகின்றன. முருகையின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகள் தந்ததே.

கோடையில் கடல்நீரின் வெப்பம், அவ்விடத்து வழக்கமான உச்சத்தினும் ஒரு பாகை செல்சியசு மிகுந்து சில கிழமைகள் நீடித்தால் இவ்வுறவு முறிகின்றது. வெப்பத்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, அது முருகைக்கு ஊறு செய்யும் பொருள்களை வெளிவிடத் தொடங்குகின்றது. சோறு போட்டவனே நஞ்சூட்டத் தொடங்கினால் வீட்டுக்காரன் என் செய்வான்? முருகை பாசியை வெளியேற்றிவிடுகின்றது. உடனே நிறம் போய், உள்ளே இருக்கும் சுண்ணக்கூடு வெள்ளெலும்பாய்த் தெரிகின்றது. இதுவே வெளிறல். வெளிறிய முருகை செத்த முருகை அன்று. பட்டினி கிடக்கும் முருகை. சில கிழமைக்குள் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். குளிராவிடின் முருகை மடியும். மடிந்த கூட்டின்மேல் வேறு பாசி படர்ந்து, அது கரைந்து பொடியாகும்.

மேழம், விடைத் திங்கள்களில், அதாவது சித்திரை, வைகாசியில், கொண்டற்காற்று ஓய்ந்து கச்சான் வலுக்கும் முன் வடகடலிலும் தென்கடலிலும் காற்று அசையாத நாள்கள் உண்டு. நீர் கண்ணாடிபோல் நிற்கும். அந்நாள்களே முருகைக்குக் கண்டம். நீர்வெப்பம் 30 பாகையைக் கடந்து ஏறிக்கொண்டே போகும். கச்சான் எழுந்து கடலைக் கலக்கிய பின்னரே அதற்கு உயிர்ப்பு. ஆழங்குறைந்த வடகடல், அகன்ற வாணலியில் ஊற்றிய நீர்போல் விரைந்து சூடேறுவது.

தென்கடலில் தூத்துக்குடிக்கும் இராமேச்சுரத்துக்கும் இடையே 21 தீவுகள் எண்ணப்பெற்றன. அவற்றைச் சுற்றியுள்ள பார்களில் 117 வகை முருகைகள் பதிவாகியுள்ளன. 1986-இல் தமிழக அரசு அத்தீவுகளைக் கடலுயிர்ப் பூங்காவாக அறிவித்தது. ஆயினும், பூங்கா என்று பெயரிட்டதனால் நீர் குளிர்ந்துவிடுவதில்லை. 1998-இல் உலகெங்கும் முருகை வெளிறியபோது தென்கடலும் வெளிறியது. 2010-இல் மீண்டும் வெளிறியது. 2016-இல் வந்தது பேரழிவு. அவ்வாண்டுக்கு முன் தென்கடற் பார்களில் நூற்றுக்கு 39 பங்களவு இருந்த உயிருள்ள முருகைப் பரப்பு, அவ்வாண்டுக் கோடைக்குப் பின் 23 பங்களவாகக் குறைந்தது என்று தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடலாய்வு நிறுவனத்தார் அளந்து கண்டனர். மான்கொம்புபோல் கிளைத்த முருகைகள் முதலில் மடிந்தன. உருண்டை முருகைகள் ஓரளவு தாங்கின. ஆனால், அவை ஓராண்டில் ஒரு விரற்கடை அளவும் வளராதவை. இழந்ததை ஈடுசெய்ய அவற்றுக்கு ஒரு தலைமுறை போதாது.

2024-இல், திருவள்ளுவர் ஆண்டு 2055-இல், உலகின் நான்காம் பெருவெளிறல் நடப்பதாக அமெரிக்கக் கடல்வளி ஆய்வகம் அறிவித்தது. ஆத்திரேலியாவின் பெரும்பாரும், இலக்கத்தீவுகளும், தென்கடலும் அவ்வாண்டு ஒருங்கே வெளிறின. 2025-க்குள் உலகப் பார்ப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் அவ்வெப்பத்துக்கு ஆட்பட்டுவிட்டது. முதற்பெருவெளிறலுக்கும் இரண்டாவதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. பின்னர் வந்த இடைவெளிகள் அதனினும் குறுகியவை. நோயாளி எழுந்து அமருமுன் அடுத்த காய்ச்சல் வந்துவிடுகின்றது.

ஒரு பாகைதானே என்று இகழ்வார் உளர். நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் பூந்தாது கெட்டு மணி பிடிக்காது. பயிர் பசுமையாகவே நிற்கும். கதிரை உருவினால் பதர். ஒரு பாகையும் இரு பாகையும் என்ன செய்யும் என்பதைக் களத்து மேட்டில் பதர் தூற்றியவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் கன்னெய்யும் எரித்த புகையிலிருந்து வந்தது. தொழிற்புரட்சிக்கு முன் பத்திலக்கம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்கு இருந்த கரியமில வளி, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அவ்வளி போர்வைபோல் நின்று தடுத்துவைத்த மிகைவெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடலே உட்கொண்டுள்ளது. 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி ஏறத்தாழ ஒரு பாகை சூடேறியது. உலகக் கடல்களின் பொதுவளவினும் இது மிகுதி. அவ்வளியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும் கடலில் கரைந்து, நீரின் புளிப்பை மிகுவித்து, முருகை சுண்ணக்கூடு கட்டுவதையும் கடினமாக்குகின்றது. உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததினும் ஒன்றரைப் பாகை உயர்ந்தால் வெப்பக் கடல் முருகைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு அழியும்; இரண்டு பாகை உயர்ந்தால் 99 பங்குக்கு மேல் அழியும் என்று ஒன்றிய நாடுகள் அவையத்தின் அறிஞர் குழு 2018-இல் அறிவித்தது. அப்புகையில் பெரும்பங்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இருநூறாண்டாக விட்டது. குளிர்நாட்டான் மூட்டிய அடுப்பில் தென்கடல் கொதிக்கின்றது என்று சொல்வதில் பிழையில்லை.

ஆனால், அதனோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. தமிழர் கையும் தூயது அன்று. மண்டபக் கரையிலும் தூத்துக்குடித் தீவுகளிலும் முருகையைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொணர்ந்து சுண்ணக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் விற்றவர் அயலார் அல்லர். 2001-இல் முருகை காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பெற்றது. 2005-ஐ ஒட்டித்தான் அத்தொழில் அடங்கியது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியை அடுத்த வான்தீவு, ஏறத்தாழ இருபது எக்டேரிலிருந்து இரண்டு எக்டேர் அளவுக்குத் தேய்ந்தது. பாரை உடைத்தால் அலையைத் தடுக்க ஆளில்லை. அலையைத் தடுக்காவிடின் தீவு நில்லாது. இதை அறியாமல் உடைத்தனர் என்று கொள்வது பொருந்தாது. அன்றைய கூலி அன்றைய சோறு என்னும் நிலையில் மக்களை வைத்தோர்க்கே அதில் பெரும்பழி.

தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் தென்கடற் கரையிலேயே நிலக்கரி எரித்து வருகின்றது. இழுவை மடிகள் வடகடலின் அடித்தரையை வாரித் துடைக்கின்றன. 1990-களில் வருவாய்க்கென்று கொணர்ந்து வடகடலில் வளர்த்த அயற்கடற்பாசி ஒன்று, 2008-இல் தென்கடலின் குருசடைத் தீவு முருகைகளின்மேல் படர்ந்து அவற்றை மூடத் தொடங்கியது. வெப்பத்தால் நலிந்தவன் கழுத்தில் இவ்வாறு பல கைகள்.

சேதுக் கால்வாயைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2005 சூலையில் தொடங்கி, 2007-இல் உச்ச வழக்குமன்ற ஆணையால் மணல்திட்டுப் பகுதியில் நின்ற அத்திட்டத்தைத் தமிழுணர்வாளர் பலர் வரவேற்றனர். மணல்திட்டைத் தொன்மக் கதையின் பாலம் என்று கூறி எதிர்த்தோர்க்கு மறுப்பும் உரைத்தனர். அம்மறுப்பு சரியே. ஆயினும், தோண்டிய சேறு தெளிந்த நீரைக் கலக்கினால் முருகை மூச்சுத் திணறும் என்பது கதை அன்று. எதிரி தவறான கரணியம் சொன்னான் என்பதற்காக, சரியான கரணியத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டனர் தமிழர்.

இனி, சோழநாட்டுக்கு இதனால் வரும் கேடு யாது எனின், முதலாவது மீன். கடல் தரையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே பார்கள் கொண்டுள்ளன. ஆயினும், கடலுயிர் வகைகளில் நாலில் ஒரு பங்கு வாழ்நாளின் ஒரு பகுதியையேனும் பாரை அண்டி வாழ்கின்றன. பாரும் கடற்புல்லும் அலையாத்தியும் மீனுக்கு மூன்று அறைகள் உள்ள ஒரே வீடு. ஒன்றில் பிறந்து, ஒன்றில் வளர்ந்து, ஒன்றில் இரைதேடும் மீன்கள் பல. தென்கோடி அறை இடிந்தால் மல்லிப்பட்டினத்து வலை இளைக்கும். கடற்புல்லை மேயும் ஆவுளியாவைக் காக்கத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. இந்திய ஒன்றியத்திலேயே கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அது, பாராட்டத்தக்கது. ஆயின், அது வடகடலின் ஒரு மூலை. அதே நீர்தான் பாரையும் சூழ்ந்து நிற்கின்றது.

இரண்டாவது புயல். சூடேறிய கடலே புயலுக்கு ஊட்டம். 2018 நவம்பர் 16-இல் நாகைக்கும் திருமறைக்காட்டுக்கும் இடையே கரையேறிய கசாப்புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. ஒரு தென்னை காய்க்க எத்தனை ஆண்டு என்று அங்குள்ளோர்க்குத் தெரியும். அவ்வொரு புயலை முழுவதும் கடல்வெப்பத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. ஆனால், கடல் சூடேற ஏறப் புயல் வலுக்கும் என்பதில் அறிஞரிடை ஐயம் இல்லை. முருகையை வெளுப்பதும் தென்னையைச் சாய்ப்பதும் ஒரே வெப்பத்தின் இரு வேலைகள். 2004-இன் ஆழிப்பேரலையில் இராமநாதபுரக் கரை தப்பியது பார்களால்தான் என்று சிலர் கூறுவது மிகை. ஈழத்தீவின் மறைவே அங்கு முதன்மைக் கரணியம். பாரின் பெருமைக்கு மிகை தேவையில்லை. நாள்தோறும் வரும் அலையை நாள்தோறும் உடைக்கின்றதே, அது போதும்.

இந்த அடுப்பை எதிர்க்கும் ஆற்றல் சோழநாட்டு மக்களுக்கு இல்லை என்பார், அவர்தம் அண்மை வரலாற்றை அறியாதவர். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் இட்டனர். ஊர் ஊராய் நடந்து அதை எதிர்த்த கோ. நம்மாழ்வார், 2013 திசம்பர் 30-இல் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில், அப்பணியிலேயே உயிர்நீத்தார். 2017-இல் நெடுவாசல் எழுந்தது. 2020 பிப்பிரவரியில் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைக் காக்கப்பெற்ற வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உழவரும் பெண்டிரும் மாணவரும் தெருவில் அமர்ந்து பெற்ற சட்டம் அது. தம் நிலத்தைக் காக்கவே அவர் போராடினர். ஆனால், மண்ணுக்கடியில் கிடக்கும் எரிவளியை எரியாமல் கிடக்கச் செய்ததனால், தாம் அறியாமலே கடலுக்கும் நன்மை செய்தனர். அறிந்து செய்திருந்தால் அச்சட்டத்தில் கடலுக்கும் இடம் கேட்டிருப்பர். அச்சட்டமோ கடற்கரை மணலோடு நின்றுவிட்டது.

அறியாமல் என்று சொன்னதே இக்கட்டுரையின் உயிர்நிலை. அவர் ஏன் அறியவில்லை? அறிவிப்பார் இல்லாமையால் அன்று. அறிவித்த மொழி அவர் மொழி அன்று ஆகையால். குருசடைத் தீவின் கடலுயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இலேயே நூல் வெளியிட்டது, ஆங்கிலத்தில். மண்டபத்தில் நடுவண் கடல்மீன் ஆய்வு நிலையம் இயங்கிற்று. பின்னர் அதன் தலைமையகம் கொச்சிக்குப் போயிற்று, ஆய்வுரைகள் ஆங்கிலத்திலேயே குவிந்தன. மேலே காட்டிய 39-உம் 23-உம் ஆகிய எண்கள் ஆங்கில ஆய்விதழில் வெளிவந்தவை. அளந்தவர் தமிழர், அளக்கப்பெற்றது தமிழ்க்கடல், எழுதிய மொழி மட்டும் வேறு. பெரியகோவிலில் ஒரு பவழமணி குறைந்தாலும் சுவரைப் பார்த்துக் கேட்கலாம். கடலில் பவழப்பாரே குறைந்தபோது கேட்பதற்குச் சுவரில்லை.

ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் செய்தி நடுவம், செயற்கைக்கோள் காட்டும் நீர்வெப்பத்தைக் கொண்டு, எந்தப் பார் எப்போது வெளிறக்கூடும் என்று 2011 முதல் எச்சரிக்கை விடுத்து வருகின்றது. நல்ல பணி. மீன் திரளும் இடம் எது என்று அதே நடுவம் மீனவர்க்குத் தமிழில் அறிவிப்பும் தருகின்றது. ஆனால், பார் வெளிறும் என்னும் எச்சரிக்கையை ஆங்கிலத்தில் வெளியிடுகின்றது. பிடிப்பதற்கு உரிய செய்தி தமிழில், காப்பதற்கு உரிய செய்தி ஆங்கிலத்தில்! காக்கும் பணி அறிஞர்க்கே உரியது, மீனவர்க்குப் பிடிக்கும் பணி போதும் என்னும் எண்ணம் அல்லது அவ்வெண்ணத்தையும் விடக் கொடிய எண்ணாமை, இதற்கு அடியில் கிடக்கின்றது.

தமிழில் சொன்னால் மட்டும் கடல் குளிர்ந்துவிடுமா என்று நகைப்பார் உளர். குளிராது. உலகின் புகை அடங்கும்வரை கோடைதோறும் நீர் சூடேறத்தான் செய்யும். ஆனால், சேறும் மடியும் அயற்பாசியும் கழிவும் குறைந்த பார், வெப்பம் தணிந்தபின் எழுந்து நிற்கும் வாய்ப்பு மிகுதி. 2010-இன் அடிக்குப் பின் தென்கடற் பார்களில் அத்தகைய மீட்சியைக் கண்டுள்ளனர். தூத்துக்குடி ஆய்வாளர் முறிந்த முருகைத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டு வளர்த்தும் காட்டியுள்ளனர். நாற்றங்கால் விட்டு நடவு செய்யும் தொழில்தான் அதுவும். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலம் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை. அது மீன் முட்டையிடும் காலத்தைக் கருதி வகுத்தது. ஆயினும், முருகை வெளிறும் கிழமைகளும் அவையே. கரையில் ஓய்ந்திருக்கும் பல்லாயிரம் பேர்க்கு அந்த அறுபத்தொரு நாளில் கடலடியில் நடப்பதைச் சொல்வார் இலர். சொன்னால், நாட்டுப்படகில் செல்வோரே பார்க்காவலர் ஆவர். எந்தக் கல் எப்போது வெளுத்தது என்று அவர்போல் அறிந்து சொல்ல ஐதராபாத்துச் செயற்கைக்கோளால் இயலாது.

ஆகவே, கேட்கவேண்டியவை சில உள. வெளிறல் எச்சரிக்கை தமிழில், பரதவர் வழங்கும் இடப்பெயர்களோடு வரவேண்டும். தஞ்சை மாவட்டப் பள்ளிகளின் அறிவியற் பாடத்தில், ஆத்திரேலியப் பெரும்பாரின் படத்துக்குப் பக்கத்திலேனும் மண்டபத்துப் பார் இடம்பெற வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்தின் காவல், கரையோரக் கடலுக்கும் நீள வேண்டும். அதைக் கேட்கும் உரிமை மீத்தேனை விரட்டிய உழவர்க்கு உண்டு. ஈழத்துக் கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பார்களை அளப்போரும் தமிழரே. இருகரை அளவுகளும் ஒரே ஏட்டில், ஒரே மொழியில் சேர வேண்டும். மீன்பிடி எல்லைக்குச் சண்டையிடும் இரு கரையாரும், வெப்பத்துக்கு எல்லை இல்லை என்பதை அங்குக் காணலாம்.

சேதுபாவாசத்திரத்தை அடுத்த கடற்கரையில் மனோரா என்னும் கோபுரம் நிற்கின்றது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்ற மகிழ்ச்சியைக் கொண்டாடத் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி கட்டியது. எவர் போருக்கோ எவர் வெற்றிக்கோ தமிழர் வரிப்பணத்தில் எழுந்த அக்கோபுரத்தைக் காண இன்றும் மக்கள் திரளுகின்றனர். ஆவுளியாக் காப்பகத்துக்கான நடுவத்தை அதன் அருகிலேயே அமைக்கத் திட்டமிட்டுள்ளனர். அந்நடுவத்தின் வெளிச்சுவரில் ஓர் இடம் ஒதுக்கி, வடகடலின் நீர்வெப்பம் இன்று இத்தனை பாகை, முருகை தாங்கும் எல்லை இத்தனை பாகை, உயிருள்ள பார் சென்ற ஆண்டு இவ்வளவு, இவ்வாண்டு இவ்வளவு என்று தமிழெண்ணோடு தமிழில் எழுதி வைக்கலாம். பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு பலகையும், கிழமைக்கு ஒருமுறை அதை அழித்து எழுத ஓர் ஆளும் போதும். அடுத்த மேழத்துக்குள் அதைச் செய்துவிடலாம்.